ரத்து அதிகாரம் முழுமை பெறட்டும்

குழந்தை உணவுக்கென ஐரோப்பிய ஆணையம் வகுத்த வரைவு விதிகளை ஐரோப்பிய நாடாளுமன்றம் 393-க்கு 305 என்ற வாக்குகளில் 2016-ல் ரத்து செய்தது சரியான முடிவு. பால்குடி மறக்காத பிள்ளைக்கு ஊட்டும் டப்பா உணவின் ஆற்றலில் 30 சதவீதம் வரை சர்க்கரையிலிருந்து வரலாம் என்று அந்த விதிகள் அனுமதித்ததை எந்தத் தாய் ஏற்பாள்? உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 10 சதவீதம். புதிய விதி விழுந்தால் பழைய விதியே நீடிக்கும் என்ற எதிர்வாதம் உண்மைதான். ஆனால் அது ஆணையத்தை விரைவுபடுத்தவே காரணம், தவறான விதியை ஏற்பதற்கல்ல. சர்க்கரையைக் குறைத்த வரைவு உடனே வர வேண்டும். குழந்தை உணவு விதிகளை ரத்து செய்ய முடிந்தது; ஆனால் மரபணு மாற்றுப் பயிர்களுக்கான அனுமதி போன்ற செயலாக்க ஆணைகளில் நாடாளுமன்றத்தால் ஆட்சேபிக்க மட்டுமே முடிகிறது, ரத்து செய்ய முடிவதில்லை. மக்கள் தட்டில் விழும் எல்லாவற்றுக்கும் அந்த ரத்து அதிகாரம் நீட்டிக்கப்பட வேண்டும்.