படக்கதைக்கு ஒரு மேசை

படக்கதை என்றதும் முகம் சுளிப்போர் நம்மிடையே இன்னும் உளர். சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில், அடுத்த புத்தகத் திருவிழாவில் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்து, நம் மாணவர்களே வரைந்த படக்கதைகளை விற்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. "சிறுபிள்ளை விளையாட்டு" என்றார் ஒரு நண்பர். "பட்டிமன்றம் நடத்தவே பணம் போதவில்லை" என்றார் மற்றொருவர். "யார் ஐயா வாங்குவார்?" என்று கேட்டவர் வேறொருவர். மூவரும் என் நண்பர்களே. மூவர்க்கும் மறுமொழி கூற இவ்விதழில் இடம் கேட்டேன். ஆசிரியர் அன்புடன் அளித்தார்.

நான் கொல்லங்கோட்டைச் சேர்ந்தவன். பாலக்காட்டிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில் உள்ளது எங்கள் ஊர். கிழக்கே கோவிந்தாபுரத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. பொள்ளாச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதை ஊர் வழியே போகிறது. அகலப்பாதையாக மாற்றுவதற்கென 2008இல் மூடியதை 2015இல்தான் திறந்தார்கள். எங்கள் வீட்டிலே பேசுவது தமிழ், கடைவீதியிலே இரண்டும், பள்ளியிலே மலையாளம். சித்தூர் வட்டாரத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையும் உண்டு. ஆயினும், தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்து, தமிழ் எழுத்தைக் கண்டால் தயங்கி நிற்கும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் பலர்.

என் தம்பியும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தான். அரிச்சுவடி அவனைக் கவரவில்லை. மாமா வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய பழைய 'முத்து காமிக்ஸ்' ஒன்று கவர்ந்தது. அதில் வந்தவன் இரும்புக்கை மாயாவி: மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்துபோகும், இரும்புக்கை மட்டும் தெரியும். படத்தில் அந்தக் கை எதையோ பிடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நிற்பவன் வாயிலிருந்து கிளம்பிய கூண்டுக்குள் நான்கே சொற்கள். நான்கு சொல் என்றால் யாரும் அஞ்சுவதில்லை. இரண்டு வாரத்தில் அந்நூலை அவன் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தான். முடித்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, இவங்கெல்லாம் எந்த ஊரு?"

அவ்வினாவுக்கு விடை எளிது. மாயாவி இங்கிலாந்து நாட்டுப் படக்கதையில் பிறந்தவன். 1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் நூலாக வந்தவன் அவன்தான். 1984இல் அவர் மகன் விஜயன் 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். அதே ஆண்டில் 'ராணி காமிக்ஸ்' வெளிவரலாயிற்று. பெட்டிக்கடைதோறும் தொங்கிய அவ்விதழ் 2005இல் நின்றது. சிவகாசி நிற்கவில்லை. இடையில் தளர்ந்திருந்தாலும், 2012க்குப் பின் புதுப்பொலிவுடன் எழுந்து, சந்தா கட்டுவோரையும் புத்தகக் கண்காட்சிகளையும் நம்பி இன்றும் நடக்கிறது. இப்பொழுது அங்கே முதன்மை வீரன் டெக்ஸ் வில்லர். அவன் 1948இல் இத்தாலி நாட்டு ஏட்டில் பிறந்தவன். குதிரை ஏறி அமெரிக்கப் பாலைவனத்தில் திரிபவன். சிவகாசியின் தயவால் செந்தமிழில் மிரட்டுகிறான்.

"யார் வாங்குவார்?" என்ற நண்பர் ஒருமுறை ஆகஸ்டு மாதத்தில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்குப் போய்வர வேண்டும். அவ்விழாவை ஒட்டி லயன், முத்து வாசகர்கள் கூடுவதுண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர்கள், தலை நரைத்தவர்கள், கைப்பையோடு வந்து, அடுத்த ஆண்டில் எந்தெந்த நூல் வரும் என்று பதிப்பாசிரியரிடமே வாதாடுகிறார்கள். பழைய நூலை மீண்டும் அச்சிடு என்பார் ஒருவர். புதியது போதும் என்பார் இன்னொருவர். நாவல் எழுதும் நம் பெரிய எழுத்தாளர்களுக்குக்கூட இத்தகைய உரிமையோடு சண்டை போடும் வாசகர் கிடைப்பது அரிது. ஆகவே, வாங்குவோர் இல்லை என்ற பேச்சு பொருந்தாது. வாங்குவோர் இருக்கிறார்கள், நம் ஊரை நாமே வரைந்த நூல்தான் அவர்கள் முன் வருவதில்லை. மொழிபெயர்ப்பில் மொழி நம்முடையது, கோடு பிறருடையது.

முற்றிலும் இல்லை என்று கூறுவது நன்றிகொன்ற செயலாகும். வாண்டுமாமா கதை எழுத, செல்லம் ஓவியம் தீட்டிய படக்கதைகளை நம் பெற்றோர் தலைமுறை மறக்கவில்லை. பொன்னியின் செல்வனும் படக்கதை நூலாக வந்துள்ளது. ஆயினும், சிவகாசியில் இறங்கும் அயல்நாட்டுக் கதைகளை ஒரு தட்டிலும் இவற்றை மறுதட்டிலும் வைத்தால் தராசு எப்பக்கம் சாயும் என்பதை யாரும் அறிவர்.

இங்கே ஃபிலிப்பீன்ஸ் நாட்டாரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்நாட்டில் 'கெங்கோய்' என்னும் படக்கதைப் பாத்திரம் 1929இலேயே 'லிவாய்வாய்' வார இதழில் தோன்றி மக்கள் மனத்தைக் கொள்ளைகொண்டது. போருக்குப் பின் 'கோமிக்ஸ்' எனப்படும் படக்கதை ஏடுகள் அங்கே பெருந்தொழிலாக வளர்ந்தன. காசு கொடுத்து வாங்க இயலாதோர் கடை வாசலிலேயே வாடகைக்கு எடுத்துப் படித்தனர். கைதேர்ந்த ஓவியர் பலர் உருவாயினர். 1970ஆம் ஆண்டுகளில் அவர்களை அமெரிக்கப் பதிப்பகங்கள் விலை கொடுத்து அழைத்துக்கொண்டன. டோனி டிசூனிகா, ஆல்ஃபிரடோ அல்கலா, நெஸ்டர் ரெடோண்டோ ஆகியோர் அவ்வாறு அமெரிக்க வீரர்களை வரைந்து பெயர் பெற்றவர்கள். ஊரிலோ தொலைக்காட்சி வந்தது. மலிவுத் தாளும் மலிவுக் கதையும் மலிந்தன. நூற்றாண்டு முடியும் தறுவாயில் அத்தொழில் படுத்தேவிட்டது. நம் ராணி காமிக்ஸ் மறைந்த கதைக்கும் இதற்கும் உறவு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

பின் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. 2005ஆம் ஆண்டு 'கோமிகோன்' என்ற விழா மணிலாவை அடுத்த கேசோன் நகரத்தில் தொடங்கியது. இடம் எது தெரியுமா? ஃபிலிப்பீன்ஸ் பல்கலைக்கழக வளாகம்! அங்கே பெரிய பதிப்பகத்தாருடன் சிறியவர்களுக்கும் மேசை உண்டு. அம்மேசைச் சந்தையை அவர்கள் 'தியாங்கே' என்கிறார்கள். சிறு கடைகள் கூடிய சந்தை என்று பொருள். ஒளிநகல் எடுத்து, நடுவில் இரண்டு கம்பி அடித்த நூலோடு மாணவர் ஒருவர் அம்மேசையில் அமரலாம். வாங்குபவர் கண்ணெதிரே பக்கத்தைப் புரட்டுகிறார். எந்தப் பக்கத்தில் சிரிக்கிறார், எந்தப் பக்கத்தில் கொட்டாவி விடுகிறார் என்பதை வரைந்தவர் உடனே காண்கிறார். எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் இதைக் கற்பிக்கும்?

'ட்ரேஸே' என்ற நூலை எடுத்துக்கொள்வோம். பட்ஜெட் டான் எழுத, காஜோ பால்டிசிமோ வரைய, அதே 2005இல் தொடங்கியது அது. இருபது பக்க அளவில் ஒவ்வொரு கதையாக ஒளிநகல் எடுத்துத்தான் இருவரும் விற்கத் தொடங்கினர். கதை நடப்பது மணிலாவில். வரும் பேய்கள் அந்நாட்டுப் பாட்டிமார் சொன்ன பேய்கள்: பிள்ளைகளைத் தின்னும் அஸ்வாங்கு, குதிரைத் தலையுள்ள திக்பாலாங்கு. அமெரிக்காவின் இரத்தக் காட்டேரியை அவர்கள் கடன் வாங்கவில்லை. பின்னர்ப் பதிப்பகம் ஒன்று அதை ஏற்றது. 2021இல் நெட்ஃபிளிக்ஸ் அதை உயிரோவியத் தொடராக்கி உலகெங்கும் காட்டியது. நம் நூலும் நெட்ஃபிளிக்ஸில் வரும் என்று ஆசை காட்ட நான் இதைச் சொல்லவில்லை. தொடக்கம் எத்தனை எளியது என்பதற்காகச் சொன்னேன். டோக்கியோவில் இன்று இலட்சக்கணக்கானோர் கூடும் 'கோமிக்கெட்' சந்தையும் 1975இல் தொடங்கியபோது அதில் விற்க வந்தவை 32 குழுக்களே.

"நமக்கும்தான் காமிக் கான் இருக்கிறதே, 2024இல் சென்னைக்கே வந்துவிட்டதே" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை. ஆயின் அங்கே கூட்டம் மொய்ப்பது சட்டையிலும் பொம்மையிலும் அச்சான அயல்நாட்டு வீரர்களைத்தான். நூல் விற்கும் மேசையை நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்விழாவைக் குறை கூறுவது என் நோக்கமன்று. எனக்கும் அங்கே ஒரு சட்டை வாங்கும் ஆசை உண்டு. கோவைப் புத்தகத் திருவிழாவும் ஈரோட்டுத் திருவிழாவும் நம் கைக்கு எட்டும் தொலைவில் இருக்க, முதல் அடியைச் சென்னையில் வைக்க வேண்டியதில்லை என்பதே நான் சொல்வது.

நிற்க. "சிறுபிள்ளை விளையாட்டு" என்ற நண்பருக்கு வருகிறேன். அவர் எங்கள் மாவட்டத்துத் தோல்பாவைக் கூத்தைக் கண்டதுண்டா? பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களுக்கென்றே தனிக் கூத்துமாடம் கட்டியிருப்பார்கள். வெள்ளைத் திரையின் பின்னே வரிசையாக 21 விளக்குகள். தோலை வெட்டித் துளையிட்டுச் செய்த பாவைகளின் நிழல் திரையில் விழும். இராமன் கதை இரவிரவாக, பல இரவுகள் நடக்கும். ஓதப்படும் பாட்டு எது? கம்பன் பாட்டு! மலையாள நாட்டில், மலையாளம் பேசும் கலைஞர்கள், புலவர் என்ற பட்டம் தாங்கி, தமிழ்ச் செய்யுளைச் சொல்லிப் பொருள் விரிக்கிறார்கள். சோரனூர் அருகே கூனத்தறையில் வாழ்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவரின் குடும்பம் இக்கலையை வெளிநாடுகள் வரை கொண்டு சென்றுள்ளது. கட்டத்துக்குள் உருவம், உருவத்துக்குப் பேச்சு, ஒரு காட்சி முடிந்தால் அடுத்த காட்சி. இதற்கும் படக்கதைக்கும் எத்தனை தூரம்? கம்பனையே நிழற்படமாக்கிக் காட்டிய மண்ணில் நின்றுகொண்டு, படத்தால் கதை சொல்வது சிறுமை என்கிறோம்!

எங்கள் அண்டை வீட்டார் மலையாளிகள் இதை நன்கு அறிந்தவர்கள். அரவிந்தன், திரைப்படத்துக்கு வருமுன், 1961 முதல் 1973 வரை 'மாத்ருபூமி' வார இதழில் வரைந்த சித்திரத் தொடரை அவர்கள் இலக்கியமாகவே போற்றுகிறார்கள். எங்கள் பாலக்காட்டுத் தஸ்ராக்கை நாவலாக்கிய ஓ. வி. விஜயன் கேலிச்சித்திரக்காரராகவும் புகழ் பெற்றவர். எழுதுகிற கை வரைந்தால் தகுதி குறையும் என்று அவர்கள் எண்ணவில்லை.

இனிப் பணம். A4 அளவுத் தாள் எட்டை இருபுறமும் அச்சிட்டு மடித்தால் 32 பக்க நூல். ஒளிநகலுக்குப் பக்கத்திற்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பதினாறு பக்கத்திற்குப் பதினாறு ரூபாய். கெட்டி அட்டைக்கும் கம்பிக்கும் ஒன்பது ரூபாய். ஆக, படி ஒன்றுக்கு 25. நூறு படிக்கு 2,500. விலை 40 என்று வைத்தால் 63 படி விற்றதும் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். கடையில் கொடுத்தால் கடைக்காரருக்குக் கழிவு தர வேண்டும். மேசையில் விற்றால் கழிவு இல்லை. மேசை வாடகைதான் பாரம். அதையும் வேறு இரண்டு கல்லூரி மன்றங்களோடு பகிர்ந்துகொண்டால் மூன்றில் ஒரு பங்காகும். எஞ்சும் 37 படிகளும் விற்காமலே போகட்டும். கொல்லங்கோட்டிலும் கொழிஞ்சாம்பாறையிலும் உள்ள பள்ளிகளுக்குக் கொடுப்போம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்புவோம். சென்ற ஆண்டு விழாவில் நாம் வாங்கிய மலர்மாலைகள் மறுநாள் எங்கே போயின என்று பொருளாளரைக் கேட்க விரும்புகிறேன்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. எங்கள் ஊர்த் தமிழ் அச்சில் வருவதே இல்லை. கொங்குநாட்டு மரியாதையும் மலையாளச் சொல்லும் ஒரே மூச்சில் வரும் தமிழ் அது. கட்டுரையில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். அடிப்பது அவர் கடமை. சிவகாசி மொழிபெயர்ப்பிலும் அதற்கு இடமில்லை. டெக்ஸ் வில்லர் கொல்லங்கோட்டுத் தமிழ் பேசினால் குதிரையே சிரிக்கும். ஆனால் படக்கதையில் பாத்திரத்தின் வாயருகே ஒரு கூண்டு இருக்கிறது. அதற்குள் அவரவர் பேச்சே அழகு. பனையேறியும் நெல்வயலில் களை பறிக்கும் அம்மாவும், பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்பும் வியாபாரியும் தம் வாய்ச்சொல்லாலேயே பேசலாம். என் தம்பி கேட்ட "எந்த ஊரு?" என்ற கேள்விக்கு "நம்ம ஊருதான்" என்று சொல்லக்கூடிய நூல் ஒன்றாவது வேண்டாவா?

அத்தகைய நூல் ஒன்று பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது என்பதையும் நண்பர்கட்கு அறிவிக்கிறேன். நம் சங்கத்து இளங்கலை மாணவி ஒருவர், பெயர் வெளியிட வேண்டா என்கிறார், விடுதி அறையில் இரவில் வரைகிறார். கதை ரயில் நின்றுபோயிருந்த ஏழாண்டுகளில் கொல்லங்கோடு நிலையத்தில் நடக்கிறது. தண்டவாளம் இல்லாத நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் ஒரு பாட்டியைப் பற்றியது. 32 பக்கத்தில் 20 முடிந்துள்ளன. பாட்டியின் முகத்தை மட்டும் நான் பார்த்தேன். அடுத்த பக்கத்தைக் காட்டச் சொன்னதற்கு, காசு கொடுத்து வாங்கிப் பார்க்கச் சொன்னார். கூண்டுக்குள் தமிழ் எழுத்தைத் திருத்தமாகப் பொறிக்க ஒருவர் தேவை. ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கையெழுத்து நன்றாக இருந்தால் போதும். அடுத்த சங்கக் கூட்டத்தில் மேசைத் தீர்மானத்தை மீண்டும் கொண்டுவரப் போகிறேன். கையெழுத்து நன்றாக உள்ளவர்கள் அன்று சற்று முன்னதாகவே வாருங்கள்.