மணியின் சேற்றுக் கால்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று தொடங்கும் பழமொழியை அறியாதார் யார்? அதைச் சொல்வோரில் எத்தனை பேர் நாயை உண்மையிலேயே குளிப்பாட்டியிருக்கிறீர்கள், நண்பர்களே? நான் குளிப்பாட்டியிருக்கிறேன். தம்பானூரில், ஐப்பசி மழையில், வாரத்திற்கு நான்கு முறை!

கோவில்பட்டிக் கரிசலில் பிறந்தவன் நான். அங்கே மழை விருந்தாளி. இங்கோ அது வீட்டுக்காரர். நான் குடியிருக்கும் வீட்டு அம்மாவுக்கு மூட்டுவலி. ஆகவே அவர்களுடைய நாய் மணியை மாலையில் உலாவ அழைத்துச் செல்வது என் பொறுப்பு. திரும்பும்போது நான்கு காலும் வயிறும் சேறு. “வெளியிலேயே கிடக்கட்டும், தரை கெடும்” என்பார் பக்கத்து அறை நண்பர். என் கவலை தரையைப் பற்றியதன்று.

ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோடு அடைத்துக்கொண்டால் தம்பானூர்ச் சாலைகள் குளமாகும். 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று பெயரிட்டு வடிகால்களைச் சீர்செய்தார்கள். அதன் பின்னும் 2024 ஜூலையில், அத்தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவரை வெள்ளம் அடித்துச் சென்றது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அந்தத் தோட்டு நீர் ஏறிய தெருவில்தான் நாமும் நாய்களும் நடக்கிறோம்.

எலியின் சிறுநீர் கலந்த நீரில் லெப்டோஸ்பைரா என்னும் சுருள் நுண்ணுயிர் இருக்கக்கூடும். அது தரும் எலிக்காய்ச்சலின் கடும் வடிவத்தை அடால்ப் வைல் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1886-இல் விவரித்தார். ஈர மண்ணில் வாரக்கணக்கில் வாழும், காய்ந்தால் மடியும். உள்ளே புகச் சிறு கீறல் போதும். நாய்க்கும் வரும், நாயின் சிறுநீரால் நமக்கும் வரும்.

சென்ற ஆண்டு கட்டைவிரலில் வெட்டுக்காயத்தோடு, வெறுங்கையால் மணியைக் கழுவினேன். ஆறாம் நாள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி. பரிசோதனையில் எலிக்காய்ச்சல் இல்லை என்று வந்தது. ஆனால் முடிவு வரும்வரை பட்ட பாடு! நுண்ணுயிரியல் படிக்கிறவன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாயிருந்தது.

இப்போது வாசற்படியில் ஒரு வாளி நீர், பழைய சாக்கு, கையுறை. விரலிடுக்கையும் அடிவயிற்றையும் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு என் கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவுகிறேன். தேங்கிய நீரை மணி நக்க விடுவதில்லை. ஆண்டுதோறும் தடுப்பூசியும் உண்டு. உங்களுக்கு மழைநீரில் நடந்தபின் காய்ச்சல் கண்டால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். தண்ணீரில் நடந்ததையும் சொல்லுங்கள்.

தோட்டருகே குடியிருக்கும் நம் மாணவர்கள் கையெழுத்திட்டால், தூர்வாரக் கோரி மாநகராட்சிக்கு மனு கொடுக்கலாம். எழுதும் வேலை என்னுடையது. மாலை ஏழுக்குமேல் வாருங்கள். அதற்கு முன் நான் வாளியருகே இருப்பேன்.