முகத்துச் சிவப்பும் கண்ணின் அழுத்தமும்



சேரன்மகாதேவியில் எங்கள் தெருவில் ஒரு குழந்தை பிறந்தது. அதன் நெற்றியிலும் மேல் இமையிலும் திராட்சைச் சாறு சிந்தியதுபோல் ஒரு சிவப்புத் திட்டு. "கிரகணத்தன்று தாய் வெளியே போயிருப்பாள்" என்றார் ஒரு பாட்டி. "அதிர்ஷ்ட மச்சம்" என்றார் இன்னொருவர். "அந்தப் பக்கத்துக் கண் எவ்வளவு பெரிசு, எவ்வளவு அழகு!" என்று வியந்தார் மூன்றாமவர். என்னைக் கலங்க வைத்தது அந்த மூன்றாவது பேச்சுதான். ஏன் தெரியுமா?

இத்திட்டுக்குப் 'போர்ட் ஒயின் கறை' என்று பெயர். ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய மூவருக்கு இது காணப்படுகிறது. தோலிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி விரிந்திருப்பதே காரணம். பெரும்பாலோருக்கு இது தோலோடு நின்றுவிடும். ஆனால் நெற்றியிலும் மேல் இமையிலும் இருந்தால், சிலருக்குக் கண்ணின் இரத்தக் குழாய்களும் மூளை உறையின் இரத்தக் குழாய்களும் பாதிக்கப்பட்டிருக்கலாம். இந்த அரிய நோயை 1879 இல் லண்டனில் விவரித்தவர் ஸ்டர்ஜ் என்னும் மருத்துவர். பின்னர் ஆராய்ந்த வெபரின் பெயரும் சேர்ந்து, இது 'ஸ்டர்ஜ்-வெபர் நோய்' ஆயிற்று.

காரணம் 2013 இல் தெரிந்தது. கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லில், ஒரு மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றம் அது. பெற்றோரிடமிருந்து வருவதன்று. நிலவின் நிழலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆகவே தாயைப் பழிப்பது அறியாமை மட்டுமல்ல, அநீதியும்கூட.

இனி இயற்பியலுக்கு வருவோம். நம்மூர் வயலைப் பாருங்கள். கன்னடியன் கால்வாய் நீர் வயலில் பாய்ந்து, மிகுதி வடிகாலில் இறங்குகிறது. வடிகாலே நிரம்பி நின்றால்? வயலில் நீர் தேங்கும். கண்ணுக்குள்ளும் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, சிரைகளின் வழியே வடிகிறது. இந்நோயில் அந்தச் சிரைகளில் அழுத்தம் மிகும். சிலருக்கு வடியும் வழியே சரியாக அமைவதில்லை. பெரியவர்களின் கண்ணில் வழக்கமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும் அழுத்தம் எல்லை மீறினால் பார்வை நரம்பு நசியும். இதுவே குளுக்கோமா. பச்சிளங் குழந்தையின் விழிச்சுவர் இளகியது. அழுத்தம் அதை ஊதிப் பெரிதாக்கும். நாம் அழகென்று மெச்சும் பெரிய கண், அபாய அறிவிப்பாக இருக்கலாம்!

எனவே என் கருத்து இது: இமையிலோ நெற்றியிலோ இத்தகைய திட்டு இருந்தால், பிறந்த சில வாரங்களுக்குள் கண் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஒருமுறை சரியாக இருந்தாலும் போதாது. வாலிப வயதிலும் அழுத்தம் ஏறலாம். லேசர் ஒளியால் தோலின் சிவப்பைக் குறைக்கலாம். அதனால் கண்ணின் அழுத்தம் குறையாது. சொட்டு மருந்தாலும் அறுவையாலும் அதைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் இழந்த பார்வை திரும்பாது. வலிப்பு வந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

நமக்கு வசதி தொலைவில் இல்லை. திருநெல்வேலியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனையும் உண்டு. தொலைவில் இருப்பது நம் எண்ணம்தான்.

அடுத்த முறை யாரேனும் "கிரகணம்" என்று தொடங்கினால், நீங்கள் பணிவாகக் கேளுங்கள்: "பாட்டி, குழந்தையின் கண்ணைச் சோதித்தாயிற்றா?"