அரிசி விலை குறையும், நெல் விலை ஏறும்: இரண்டு வாக்குறுதிக்கும் நடுவே உள்ள ஏற்றுமதி ஆணை



2024 ஏப்ரல் மாதம். நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரம் சூடாக இருந்தது. திருவள்ளூர் மாவட்ட வயல்களில் நவரை நெல் முற்றிக்கொண்டிருந்தது. ஆவடியில் எங்கள் தெரு வழியாகப் போன பிரசார வண்டி, "அரிசி விலையைக் குறைப்போம்" என்றது. அன்று மாலை பூந்தமல்லி தாண்டி வெள்ளவேடு பக்கம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே வந்த வண்டி, "நெல்லுக்கு நல்ல விலை வாங்கித் தருவோம்" என்றது. இரண்டு ஊரும் ஒரே நாடாளுமன்றத் தொகுதி. ஒன்பதாம் வகுப்பில் இருந்த என் மகள் கேட்டாள்: "ஏம்மா, அரிசி விலை குறையணும்கிறாங்க, நெல் விலை ஏறணும்கிறாங்க. ரெண்டும் எப்படி நடக்கும்?"

வேளாண்மையில் முனைவர் பட்டம் வாங்கி, மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் அதே பேச்சைத்தான் கேட்கிறோம். அதனால் அந்தக் கேள்விக்கான பதிலை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டு காலண்டர்

வகுப்பில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் மத்திய அரசின் ஏற்றுமதி, இறக்குமதி ஆணைகள். மறுபக்கம் தேர்தல் தேதிகள். மாணவர்கள் எழுதியதைச் சேர்த்துப் பாருங்கள்.

• 2023 ஜூலை 20: பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை.
• 2023 ஆகஸ்ட் 25: புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி.
• 2023 நவம்பர்: மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், தெலங்கானா உள்பட 5 மாநிலங்களில் தேர்தல்.
• 2023 டிசம்பர் 8: வெங்காய ஏற்றுமதிக்குத் தடை.
• 2024 ஏப்ரல் 19: தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு.
• 2024 மே 4: வெங்காயத் தடை நீக்கம், ஆனால் 40 சதவீத வரி. வெங்காயம் விளையும் நாசிக்கில் வாக்குப்பதிவு மே 20.
• 2024 செப்டம்பர் 13: வெங்காய வரி 20 சதவீதமாகக் குறைப்பு, பாஸ்மதி ஏற்றுமதிக்கு இருந்த குறைந்தபட்ச விலைக் கட்டுப்பாடு நீக்கம், சமையல் எண்ணெய் இறக்குமதி வரி உயர்வு. ஹரியானா தேர்தல் அக்டோபர் 5, மகாராஷ்டிரா தேர்தல் நவம்பர் 20.
• 2024 செப்டம்பர் 28: பச்சரிசித் தடை நீக்கம். அக்டோபர் 22: புழுங்கல் அரிசி வரி முழுவதும் நீக்கம்.

எல்லாவற்றுக்கும் தேர்தல்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2023இல் எல் நினோ வந்தது. ஆகஸ்ட் மாதம் நாட்டில் மழை வெகுவாகக் குறைந்தது. கையிருப்பு பற்றிய பயம் நியாயமானதே. ஆனாலும் வாங்குகிறவர்கள் வாக்களிக்கும் நேரத்தில் கதவு மூடுவதும், விளைவிக்கிறவர்கள் வாக்களிக்கும் நேரத்தில் கதவு திறப்பதும் பட்டியலில் தெரிகிறது. இதில் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வெங்காய விலைக்குப் பயப்படாத அரசு டெல்லியில் இருந்ததில்லை.

வரி துறைமுகத்தில், இழப்பு களத்தில்

நம் நெல் கப்பல் ஏறவில்லையே, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி போட்டால், வெளிநாட்டுக்காரர் அது முழுவதையும் ஏற்கமாட்டார். ஏற்றுமதியாளர் ஆலைக்குக் கொடுப்பதைக் குறைப்பார். ஆலைக்காரர் நெல்லுக்குக் கொடுப்பதைக் குறைப்பார். மற்ற மாநிலங்களில் கப்பலுக்குப் போகாமல் நின்ற அரிசியும் உள்நாட்டுச் சந்தைக்கே திரும்பும். அப்போது செங்குன்றம் ஆலைகளில் நம் நெல்லுக்கும் கிராக்கி குறையும்.

கிலோவுக்கு ஒரே ஒரு ரூபாய் குறைந்தால் என்ன ஆகும்? ஏக்கருக்கு 2,000 கிலோ எடுப்பவருக்கு 2,000 ரூபாய் போச்சு. ஒரு மூட்டை டிஏபி 1,350 ரூபாய். கணக்கு உங்களுக்கே தெரியும்.

2024 ஏப்ரலில் இந்த 20 சதவீத வரி நடப்பில்தான் இருந்தது. எங்கள் தெருவுக்கு வந்த வண்டியிலும் வெள்ளவேடு வண்டியிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை.

அதற்குக் காரணமும் இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் அடுக்குமாடிகள் பெருகிவிட்டன. அரிசி வாங்குகிற வாக்காளர்கள் லட்சக்கணக்கில்; நெல் விளைவிக்கிறவர்கள் சில ஆயிரம். வாங்குகிறவர்கள் நமக்கு எதிரிகள் அல்லர். எங்கள் வீட்டு அரிசியும் கடையில் வாங்குவதுதான். வகுப்பில் ஒரு விவசாயி மகன் சொன்னான்: "நெல் விலை ஏறினா எங்கப்பா சிரிப்பார் மேடம். இட்லி அரிசி விலை ஏறினா எங்கம்மா திட்டுவாங்க."

மகளுக்குச் சொன்ன பதில்

இரண்டும் நடக்கும். ஆனால் நடுவில் உள்ள வித்தியாசத்தை யாராவது கொடுக்க வேண்டும். 2025-26 பருவத்தில் சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசு 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,500 ஆக்கியது. சன்ன ரகத்துக்கு 2,389 உடன் 156 சேர்த்து 2,545. அந்த நெல் அரிசியாகி ரேஷன் கடையில் விலையில்லாமல் போகிறது. இங்கே வித்தியாசத்தைக் கொடுப்பது அரசுக் கருவூலம்.

ஏற்றுமதியைத் தடுத்து அரிசி விலையைப் பிடித்து நிறுத்தினால் கருவூலத்துக்குச் செலவே இல்லை. அந்த வித்தியாசத்தை விவசாயி கொடுக்கிறார், ரசீது இல்லாமல்.

வெளிநாட்டுத் தேர்தலும் நம் ஊருக்கு வந்து சேர்கிறது. அமெரிக்காவில் டிரம்ப் 2024 பிரசாரத்திலேயே இறக்குமதிக்கு வரி போடுவேன் என்றார். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அந்த வரி 50 சதவீதமாக உயர்ந்தது. இந்திய இறாலுக்குப் பெரிய சந்தை அமெரிக்கா. நம் மாவட்டத்தில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்கள் இந்தச் செய்திகளையும் விடாமல் கவனிக்க வேண்டியவர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. சரியான ஆளிடம் சரியான கேள்வி. ஏற்றுமதி, இறக்குமதி மத்திய அரசின் அதிகாரம். சட்டமன்ற வேட்பாளர் "ஏற்றுமதித் தடையை நீக்குவேன்" என்றால் அது அவர் கையில் இல்லை. அவரிடம் ஊக்கத்தொகை எவ்வளவு, எங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையம் எந்தத் தேதியில் திறக்கும், சாக்கும் தார்ப்பாயும் இருக்குமா என்று கேளுங்கள். வரியையும் தடையையும் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.

2. மேடைப் பேச்சை நம்பிப் பயிரை மாற்றாதீர்கள். ஆணை அச்சில் வந்த பிறகே கணக்குப் போடுங்கள். சமையல் எண்ணெய் வரி 2024 செப்டம்பரில் ஏறியதும் நிலக்கடலைக்கு நல்ல காலம் என்றார்கள். 2025 மே இறுதியில் கச்சா எண்ணெய்க்கான அடிப்படை வரியை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்துவிட்டார்கள். எட்டரை மாதம்தான் தாங்கியது.

3. உளுந்து போடுகிறவர்கள் மார்ச் மாதச் செய்தியைக் கவனியுங்கள். பர்மா உளுந்து வரியில்லாமல் வர அனுமதியைத் தவணை தவணையாக நீட்டிக்கிறார்கள். சம்பாவுக்குப் பின் விதைத்த உளுந்து அறுப்புக்கு வருவதும் அந்த நேரத்தில்தான்.

4. வியாபாரி "ஏற்றுமதி நின்னுபோச்சு" என்று விலையைக் குறைத்தால், எந்த ரகத்துக்கு, எந்தத் தேதி ஆணை என்று கேளுங்கள். குறைந்தது மூன்று இடத்தில் விலை விசாரியுங்கள். கொள்முதல் நிலைய விலைதான் உங்கள் அடிமட்டம்.

5. நெல்லை 17 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவையுங்கள். ஈர நெல்லுக்குப் பேரம் பேச வழியில்லை. அவசரப் பணத்துக்காக விற்பதைவிட, ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் கிடைக்குமா என்று கேளுங்கள்.

6. சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.

பிரசார வண்டி எந்தக் கட்சியுடையதாகவும் இருக்கட்டும். "அந்த வித்தியாசத்தை யார் கொடுப்பாங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் என் மகளுக்கும் ஓட்டு இருக்கும். அவள் கடையில் அரிசி வாங்குகிறவளாகத்தான் ஓட்டுப் போடப் போகிறாள். நெல் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்து போட்டால் நல்லது.