கேழ்வரகு தின்னக் கப்பல் ஏறணுமா?

நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் 'ஆரோக்கிய உணவுக் கப்பல் பயணம்' என்று விளம்பரம் ஓடுகிறது. போன தடவை போனவன் என்பதால் சொல்கிறேன்.

சென்னைத் துறைமுகத்தில் பதினாறு பேர் ஏறினோம். காலையில் யோகா. பிறகு சிறுதானியத்தின் பெருமை பற்றி ஒரு மணி நேர வகுப்பு (நாம் நடத்திய வகுப்புகளே தேவலை). வெளியே வந்தால் எதிரே பஃபே! பூரி, குலாப் ஜாமூன், ஐஸ்கிரீம். "கட்டின காசுக்குச் சாப்பிடுங்க சார்" என்று ஒருவர் தட்டை ஒருவர் நிரப்பினோம். இருபது வருடம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்த கணக்கு வாத்தியாருக்கு, ஊர் திரும்பிய மறுநாள் வெறும் வயிற்றில் 310. அந்தத் தட்டில் நான் வைத்த ஜாமூனும் உண்டு. அது இன்னும் உறுத்துகிறது.

தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் 2023 முதல் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள். அதைத் தின்ன எந்தக் கப்பல் வேண்டும்?

திரும்பியதும் அதே பதினாறு பேரையும் தினமும் காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் நடக்கக் கூப்பிட்டேன். வந்தது மூன்று பேர். பணம் கட்டச் சொன்னால் முந்துகிறீர்கள், நடக்கச் சொன்னால் முழங்கால் வலியா?

அட்மின் சார், பட்டியலில் என் பெயரை அடித்துவிடுங்கள். கணக்கு வாத்தியார் பெயரையும்தான். அவரிடம் பேசிவிட்டேன்.