அழியப்போகும் பூமிக்கு அக்கறை எதற்கு?

"உலகம் எப்படியும் அக்கினிக்கு இரையாகப் போகிறது, மரம் நடுவதும் குளம் தூர்வாருவதும் சபையின் வேலையல்ல, ஆத்தும ஆதாயமே சபையின் வேலை." இந்தப் பேச்சு நம் சபைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கேட்பதற்குப் பக்தியாக இருப்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் வேதத்தைத் திறந்துவைத்துப் பார்த்தால் இது நிற்காது.

இப்படிப் பேசுவோர் முதலில் காட்டுவது ஆதியாகமம் முதல் அதிகாரம். பூமியை ஆளும் அதிகாரம் மனிதனுக்குக் கொடுக்கப்பட்டதால், அதை நம் இஷ்டப்படி பயன்படுத்தலாமாம். 1967இல் 'சயின்ஸ்' இதழில் வரலாற்றாசிரியர் லின் ஒயிட் சூழல் சீரழிவுக்கு மேற்கத்தியக் கிறிஸ்தவத்தின் மேல் பழி சுமத்தியபோது, அவரும் இந்தப் பொருளைத்தான் அந்த வேதப்பகுதிக்குள் கண்டார். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே ஆதாமுக்குத் தரப்படும் வேலை, தோட்டத்தைப் பண்படுத்திக் காப்பது. மேய்ச்சலைத் தின்று மீதியை மிதித்து, தண்ணீரைக் குடித்து மீதியைக் கலக்கிவிடும் கொழுத்த ஆடுகளை எசேக்கியேல் 34இல் கர்த்தர் கண்டிக்கிறார். சூறையாடுவதை ஆளுகை என்று வேதம் எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

'இது இந்தக் காலத்து நாகரிகம், உலகத்தாரிடம் கடன் வாங்கியது' என்பது அடுத்த வாதம். லேவியராகமம் 25ஐப் படியுங்கள். ஏழாம் ஆண்டில் நிலம் விதைக்கப்படாமல் ஓய்ந்திருக்க வேண்டும். நிலத்தை நிரந்தரமாக விற்கக் கூடாது. ஏனென்றால் அது கர்த்தருடையது, ஜனங்கள் அதில் குடியிருப்பவர்கள் மட்டுமே. அந்த ஓய்வைக் கொடுக்காமல் போனதன் கணக்கு, பாபிலோன் சிறையிருப்பின் எழுபது ஆண்டுகளில் தீர்ந்ததாக 2 நாளாகமம் முடிகிறது. உபாகமம் 20 இன்னும் கண்டிப்பானது. எதிரியின் நகரத்தை முற்றுகையிடும்போதுகூடப் பழமரங்களில் கோடரி படக் கூடாது. போரிலேயே அப்படியென்றால் சமாதான காலத்தில் நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

எத்தியோப்பியாவின் வடக்கு மேட்டுநிலத்தையும் பாருங்கள். விவசாயமும் மேய்ச்சலும் காடுகளை விழுங்கிவிட்ட அந்தப் பகுதியில், எஞ்சியிருக்கும் இயற்கைக் காடுகளில் பெரும்பங்கு ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களைச் சுற்றித்தான் இருக்கிறது. ஆலயத்தைச் சூழ்ந்த மரங்களைப் பரிசுத்த இடத்தின் பகுதியாகவே அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். காட்டியல் அறிஞர் அலெமாயெஹு வாசி போன்றோரின் முயற்சியில், மாடுகள் உள்ளே புகாதபடி ஊர்மக்களே வயல்களில் கிடந்த கற்களைப் பொறுக்கி அக்காடுகளுக்கு மதில் எழுப்பினார்கள். நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற நாடு அது. யாரிடம் கடன் வாங்கியதாம்?

இனி, அந்த அக்கினி. 2 பேதுரு 3 அதோடு முடிவதில்லை. நீதி வாசமாயிருக்கும் புதிய பூமிக்குக் காத்திருக்கச் சொல்கிறது. அதே அதிகாரம் நோவா காலத்து வெள்ளத்தையும் நினைவூட்டுகிறது. அந்த அழிவு வருமுன் நோவாவுக்குக் கிடைத்த கட்டளை, மிருகங்களையும் பறவைகளையும் உயிரோடு காக்க வேண்டும் என்பதே. பூமியைக் கெடுத்தவர்களுக்கு நியாயத்தீர்ப்பில் நேரப்போவதை வெளிப்படுத்தின விசேஷம் 11 சொல்கிறது. சரீரமும் அழியக்கூடியதுதானே? அதற்காக ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் வைத்தியம் பார்க்காமல் இருந்தாரா? அவர் 1900இல் தொடங்கிய பணியை இன்றும் ஊழியம் என்றுதானே சொல்கிறோம்!

ஆத்துமாவா, பூமியா என்று தராசில் வைப்பதும் பிழை. கிறிஸ்துவின் சிலுவை ரத்தம் சகலத்தையும் ஒப்புரவாக்குவதாகக் கொலோசெயர் நிருபம் சொல்கிறது. மீட்புக்காக ஏங்கித் தவிப்பது சிருஷ்டி முழுவதும் என்று ரோமர் 8இல் பவுல் எழுதுகிறார். சுவிசேஷத்தின் அகலம் அவ்வளவு. அதைச் சுருக்க நமக்கு உரிமையில்லை.

'மரத்தைப் போற்றினால் மர வழிபாடாகிவிடாதா' என்ற பயத்துக்குச் சங்கீதம் 104 போதும். காட்டுக் கழுதையின் தாகம், கேதுருவில் கூடுகட்டும் குருவி, சிங்கக் குட்டியின் பசி எல்லாவற்றையும் சொல்லி, துதியைச் சிருஷ்டிகருக்கே அது செலுத்துகிறது.

சபை மூப்பர்களே, உங்கள் சேகரக் கமிட்டி அடுத்த முறை ஆலய வளாகத்து வேம்பை வெட்டிக் கடை கட்டத் தீர்மானம் எழுதுமுன் உபாகமம் 20ஐ எழுந்து நின்று வாசியுங்கள். அசனப் பந்தியில் பிளாஸ்டிக் டம்ளரை நிறுத்துங்கள். கல்லறைத் தோட்டத்தில் காலியாகக் கிடக்கும் ஓரங்களில் இந்த மழைக்கே கன்று வையுங்கள்.