பதினெட்டு மாச விசாவுக்கு ஒன்றரை ஏக்கர் காடு

எங்க ராயக்கோட்டைப் பக்கம் நிலம் விக்கிறவங்க முன்னாடி ரெண்டே காரணம்தான் சொல்வாங்க. கல்யாணம், ஆஸ்பத்திரி. இப்ப மூணாவதா ஒண்ணு சேர்ந்திருக்கு: பிள்ளையை லண்டனுக்குப் படிக்க அனுப்பணும். ராகியும் தக்காளியும் விளைஞ்ச ஒன்றரை ஏக்கர் காட்டுல இன்னைக்கு மனைக்கல் நட்டு நிக்குது. அதை வித்தவர் எனக்குப் பக்கத்துக் காட்டுக்காரர்.

டவுன்ல இருக்கிற நீங்க, “அதான் கல்விக் கடன் இருக்கே” என்பீங்க. இருக்கு. ஏழரை லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாமத் தருவாங்க. லண்டன் படிப்புக்கு அது எந்த மூலைக்கு? அதுக்கு மேல போனா சொத்து கேப்பாங்க. பட்டாவை நீட்டினா, “விவசாய நிலம் வேண்டாம், வீடோ மனையோ இருந்தா கொண்டாங்க” என்பாங்க. கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்து விக்க வங்கிக்கு அதிகாரம் தர்ற 2002 சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. விவசாயியைக் காப்பாத்த வச்ச விதிதான். ஆனா நடக்கிறது என்ன? அடமானம் வைக்க முடியாத நிலத்தை ஒரேயடியா வித்துடறான்.

இவ்வளவும் எதை நம்பி? பட்டத்தை நம்பி இல்லை. படிப்பு முடிஞ்சப்புறம் அங்கேயே இருந்து வேலை தேட ஒரு அனுமதி தர்றாங்களே, அதை நம்பி. பிரிட்டன்ல அதுக்கு கிராஜுவேட் ரூட்னு பேர். 2012-ல, தெரசா மே உள்துறை அமைச்சரா இருந்தப்ப, இதே மாதிரி இருந்த அனுமதியை மூடினாங்க. 2021 ஜூலையில ரெண்டு வருசம்னு திரும்பத் திறந்தாங்க. இப்ப 2027 ஜனவரி 1-லிருந்து விண்ணப்பிக்கிறவங்களுக்குப் பதினெட்டு மாசம்தான். பிஎச்டி முடிச்சவங்களுக்கு மட்டும் பழையபடி மூணு வருசம். கல்லூரிக்கு ஃபீஸ் வேணும்னா மதகைத் திறக்கிறது, கட்சிக்கு ஓட்டு வேணும்னா அடைக்கிறது. இடையில காயறது நம்ம வயல்.

கணக்கைப் போட்டுப் பாருங்க. கல்விக் கடனுக்குப் படிப்பு முடிஞ்சு ஒரு வருசம் கழிச்சுத் தவணை ஆரம்பிக்கும். பதினஞ்சு வருசம் வரைக்கும் கட்டலாம், அதாவது 180 தவணை. விசாவோ பதினெட்டு மாசம். ஆறு தவணை கட்டி முடிக்கிறப்ப விசாவும் முடிஞ்சிரும். மீதி 174 தவணையை யார் கட்டறது?

“அதுக்குள்ள நல்ல வேலை கிடைச்சிடும்” என்பார் ஏஜென்ட். வேலை விசாவுக்கு அங்க கேக்கிற வருச சம்பளம் 26,200 பவுண்டா இருந்தது. 2024 ஏப்ரல்ல 38,700 ஆச்சு, 2025 ஜூலையில 41,700 ஆச்சு. புதுசா சேர்றவங்களுக்குச் சலுகை உண்டு, ஆனா அந்தச் சலுகை அளவும் ஏறிக்கிட்டேதான் இருக்கு. ஏஜென்ட் கமிஷன் வாங்கறது பிள்ளை கல்லூரியில சேர்றதுக்கு. வேலை கிடைக்கலைன்னா அவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை.

“அவங்க நாடு, அவங்க சட்டம்” என்று சொல்றவங்களும் இருக்காங்க. சரி, இனிமே வர்றவங்களுக்கு என்ன சட்டம் வேணும்னாலும் போடட்டும். 2024 செப்டம்பர்ல மூணு வருசப் பட்டப்படிப்புக்குப் போனவன் என்ன பண்ணுவான்? சேரும்போது ரெண்டு வருசம், முடிச்சு வெளிய வரும்போது பதினெட்டு மாசம். மண்டியில விலை பேசி, லோடு இறக்கினப்புறம் வேற விலை சொன்னா அதை யாவாரம்னு சொல்வோமா? உள்ளூர்ப் பிள்ளைகளை விடப் பல மடங்கு ஃபீஸ் வாங்கித்தான் அந்தப் பல்கலைக்கழகங்கள் வண்டியை ஓட்டுது. காசு வாங்கினா பேச்சுக்கும் மதிப்பு வேணும். இது முடியாத காரியமும் இல்லை. கனடா 2024 நவம்பர் 1-ல, காலேஜ்ல குறிப்பிட்ட படிப்பு படிச்சவங்களுக்குத்தான் வேலை அனுமதின்னு விதி போட்டப்ப, அந்தத் தேதிக்கு முன்னாடி படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிச்சவங்களை விட்டுட்டாங்க. அதே நேர்மையைப் பிரிட்டன்கிட்ட கேக்கறது பிச்சையா?

கேக்க வேண்டியது நம்ம அரசாங்கம். 2025 மே 6-ம் தேதி இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தப் பேச்சு முடிஞ்சதுன்னு கொண்டாடினாங்க. மே 12-ம் தேதி இந்தப் பதினெட்டு மாசத் திட்டம் வெள்ளை அறிக்கையா வந்தது. இடையில ஆறே நாள். ஜூலை 24-ல கையெழுத்தும் போட்டாச்சு. அவங்க விஸ்கிக்கு வரியை 150 சதவீதத்துல இருந்து 75-க்குக் குறைக்க நாம ஒத்துக்கிட்டோம். நம்ம கம்பெனிகள் அனுப்பற ஊழியர்களுக்கு அங்க சமூகப் பாதுகாப்புக் கட்டணத்துல விலக்கு வாங்கினோம். சொந்தக் காசுல போன பிள்ளைக்கு என்ன வாங்கினோம்?

கம்பெனிக்குக் குரல் இருக்கு, அதான் வித்தியாசம். 2024 ஜூலையில கர்நாடக அமைச்சரவை, தனியார் வேலையில உள்ளூர்க்காரங்களுக்கு ஒதுக்கீடுன்னு ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. அத்திப்பள்ளி தாண்டி தினம் பஸ்ல போய் வர்ற எங்க பிள்ளைகளுக்குப் பக்குனு ஆச்சு. ஐடி கம்பெனிகள் கூச்சல் போட்டதும் ரெண்டு நாள்ல நிறுத்தி வச்சாங்க. லண்டன்ல தவிக்கிற பிள்ளைக்காகக் கூச்சல் போட யார் இருக்கா?

“ஓசூர்லயே இத்தனை ஃபேக்டரி இருக்கே, ஏன் போறாங்க?” என்று கேக்கலாம். ஃபேக்டரி இருக்கு. இன்ஜினியரிங் முடிச்சவனை ஒப்பந்தத்துல ஒரு வருசம் வச்சுக்கிட்டு, அடுத்த வருசம் வேற பையனை எடுக்கற இடங்களும் இருக்கு. வாசல்லயே நிரந்தர வேலை கிடைச்சா எவன் காட்டை வித்துக் கப்பல் ஏறுவான்?

என் பொண்ணும் கடைசி வருசம் படிக்கிறா, போகணும்கிறா. படிப்பு வேண்டாம்னு நான் சொல்லலை. “விசாத் தேதியையும் தவணைத் தேதியையும் ஒரே தாள்ல எழுதிக் கொண்டா, அப்புறம் பேசலாம்”னு சொல்லியிருக்கேன். இந்தத் தாளை ஒவ்வொரு வங்கியும் கடன் பத்திரத்தோட தமிழ்ல கொடுக்கணும்னு அரசாங்கம் உத்தரவு போடணும். பணம் கட்டிச் சேர்ந்தவங்களுக்குச் சேர்ந்த நாள் விதியே கடைசிவரை செல்லும்னு அந்த நாடுகள்கிட்ட எழுதி வாங்கணும். அதுவரைக்கும், ஊர்ல இருக்கிற உங்க மாமனோ சித்தப்பனோ காட்டை விக்கறேன்னு போன் பண்ணினா, “நல்ல விலையா?”னு கேக்காதீங்க. 174 தவணை கணக்கைச் சொல்லுங்க.